நாட்டார் வழக்கும் திரைப்படத்து அச்சமும்

அச்சம் பிறக்கும் நிலைக்களங்களை அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்காக வகுத்தது தொல்காப்பியம். பேய்ப் படங்களிற் பெரும்பாலானவை இவற்றுள் அணங்கொன்றையே பற்றி நின்றன. 1968க்கும் 1973க்கும் இடையே பிரித்தானியாவில் எழுந்த மூன்று படங்களோ வேறு வழிச் சென்றன. வயலும் காடும் பழஞ்சடங்கும் அவற்றின் களம். ஊராரே அவற்றின் பேய்.

இதற்கு முன்னோடி இல்லாமல் இல்லை. டென்மார்க்கு நாட்டவரான பெஞ்சமின் கிறிஸ்ரென்சன் 1922இல் ஆக்கிய 'ஹெக்சன்', சூனியக்காரியர் எனப்பட்டோரினும் அவர்களை விசாரித்தோரே கொடியர் என்பதை உணர்த்தியது. மைக்கேல் றீவ்சின் 'விச்பைண்டர் ஜெனரல்' (1968) அவ்வழியிலேயே வந்தது. உள்நாட்டுப் போர்க் காலத்தில் ஊராரிடம் கூலி பெற்றுச் சூனியக்காரியரைத் தேடியலைந்த மத்தேயு ஹொப்கின்ஸ் என்பானின் கதை அது. அதில் ஆவியும் இல்லை, மாயமும் இல்லை. பியேர்ஸ் ஹகாட்டின் 'பிளட் ஒன் சாத்தான்ஸ் குளோ' (1971) உழுபடை கிளறிய மண்ணில் மண்டையோடு தோன்றுவதுடன் தொடங்குகிறது. தொடக்கம் அருமையானதே, ஆயின் பேய் மெய்யாகவே வந்துவிடுவதால் அச்சம் தளர்ந்துவிடுகிறது. 2010இல் மார்க் கற்றிஸ் பி.பி.சி. தொடரொன்றில் இம்மூன்றையும் ஒருங்கு வைத்துப் பேசிய பின்னரே 'நாட்டார் அச்சப் படம்' என்னும் பெயர் பரவலாயிற்று.

இவற்றுள் தலையாயது றொபின் ஹாடியின் 'விக்கர் மேன்' (1973). காணாமற்போன சிறுமியைத் தேடி ஸ்கொத்லாந்துத் தீவொன்றிற்கு வரும் பொலிஸ் அதிகாரி ஹோவி, அங்குள்ளோர் கிறித்தவத்தைக் கைவிட்டு வளத்தெய்வங்களை வழிபடக் காண்கிறான். திரைக்கதை வகுத்த அன்ரனி ஷாபர், பிறேசரின் 'கோல்டன் பவ்' என்னும் நூலிலிருந்து சடங்குகளைத் திரட்டினார். அந்நூலின் முடிபுகளைப் பிற்கால மானிடவியலார் பெரிதும் ஏற்றிலர். ஆயினும் இது படத்திற்குக் குறையன்று. ஏனெனில், தீவின் 'தொன்னெறி' உண்மையில் தொன்மையானதன்று. 1868இல் தீவை வாங்கிய பயிரியல் வல்லுநன் ஒருவன், ஆப்பிள் விளைவிக்கும் குடிகளை ஊக்குதற்பொருட்டு மீட்டுக் கொடுத்தது. பாட்டன் சூழ்ச்சியாற் செய்ததை மகன் பற்றோடு வளர்த்தான், பேரன் ஆளுகிறான். நூறாண்டு வழக்கமொன்று உயிர்ப்பலி கேட்குமளவிற்கு வேரூன்றிவிட்டது. (வசந்தகாலக் கதையை இலையுதிர் காலத்திற் படமாக்க நேர்ந்தமையால், மரங்களிற் செயற்கைப் பூக்களை ஒட்டினர் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.)

2019இல் வெளிவந்த ஆரி ஆஸ்ரரின் 'மிட்சமர்' இவ்விடத்திலேயே பின்தங்குகிறது. சுவீடன் நாட்டுச் சிற்றூரின் சடங்குகளை அது வெயிலொளியிற் கண்கவரக் காட்டுகிறது. அவை எவருடைய நலன் கருதி நடைபெறுகின்றன என்று வினவுவதில்லை.

ஹாடியின் படமோ இறுதிவரை அவ்வினாவை விடவில்லை. மிலாறுகளாற் பின்னிய பேருருவில் அடைக்கப்படுமுன், அடுத்த ஆண்டும் விளைவு பொய்த்தால் தீவின் தலைவனையே குடிகள் பலி கேட்பர் என்று ஹோவி கூவுகிறான். பொய்க்காது என்று விடையிறுக்கிறான் தலைவன். குடிகள் கைகோத்துப் பாடத் தொடங்குகின்றனர்.