மூச்சைக் கட்டிய எஞ்சின்கள்

2024 அக்டோபர் 6 அன்று அலபாமாவின் டாலடேகா ஓடுகளத்தில், பந்தயம் முடிய ஐந்து சுற்றுகளே இருந்தபோது, முதலில் ஓடிக்கொண்டிருந்த ஆஸ்டின் சிண்ட்ரிக்கின் காருக்குப் பின்னாலிருந்து ஒரு தள்ளு விழுந்தது. கார் பக்கவாட்டில் திரும்பியது, அவ்வளவுதான். 28 கார்கள் அந்த ஒரு விபத்தில் சிக்கின. அமெரிக்க ஸ்டாக் கார் பந்தயங்களை நடத்தும் நாஸ்காரின் முதன்மைத் தொடரான கப் தொடரில் அதற்கு முன் ஒரே மோதலில் இத்தனை கார்கள் மாட்டியதில்லை. களத்தைச் சுத்தம் செய்து மறுபடி ஓடவிட்டபோது, ரிக்கி ஸ்டென்ஹவுஸ் ஜூனியர் 0.006 நொடி வித்தியாசத்தில் பிராட் கெசலௌஸ்கியை முந்தி ஜெயித்தார்.

இப்படிப்பட்ட ஞாயிற்றுக்கிழமைகளுக்குப் பிறகு ரசிகர்கள் இரண்டு கட்சியாகிவிடுவார்கள். ‘இதுதான் டாலடேகா’ என்பது ஒரு கட்சி, ‘இது பந்தயமே இல்லை’ என்பது மற்றது. நம்மூர் நேரத்துக்கு நள்ளிரவை ஒட்டித் தொடங்கும் இந்தப் பந்தயத்துக்காகத் தூக்கத்தைத் தொலைக்கிற எனக்கு இரண்டிலும் கொஞ்சம் உடன்பாடு உண்டு. ஆனால் இருவருமே பேசுவது விபத்தைப் பற்றி. அதற்கு முன்னால் ஓடிய நூற்றெண்பது சொச்சம் சுற்றுகளில் என்ன நடந்தது என்று கேட்க ஆளில்லை. கோளாறு அங்கேதான் இருக்கிறது.

இந்த வகைப் பந்தயம் பிறந்த கதையே ஒரு விபத்துதான். 2.66 மைல் நீளமுள்ள டாலடேகாவின் வளைவுகள் 33 டிகிரி சாய்ந்தவை. அந்தச் சாய்வில் பிரேக்கைத் தொடாமலே சுற்றிவிடலாம். 1987இல் பில் எலியட் தகுதிச் சுற்றில் மணிக்கு 212.809 மைல் வேகத்தைத் தொட்டார். அதே வாரயிறுதிப் பந்தயத்தில் பாபி அலிசனின் கார் டயர் வெடித்து, காற்றில் எழும்பி, பார்வையாளர்களுக்கு முன்னிருந்த வேலியைப் பிய்த்தது. கூட்டத்தில் சிலருக்குக் காயம். கார் இன்னும் கொஞ்சம் உயர எழும்பியிருந்தால் அந்த விளையாட்டின் கதையே வேறாகியிருக்கும். அன்று ஜெயித்தவர் அவருடைய மகன் டேவி அலிசன். கப் தொடரில் அவருக்கு அது முதல் வெற்றி.

வேகத்தைக் குறைத்தே ஆகவேண்டிய கட்டாயம். 1988 முதல் டாலடேகாவிலும் டேடோனா களத்திலும் கார்புரேட்டருக்குக் கீழே நான்கு ஓட்டைகள் உள்ள ஒரு மெல்லிய தகட்டைச் செருகினார்கள். ரெஸ்ட்ரிக்டர் பிளேட் என்று பெயர். ஓட்டை சிறிதானால் எஞ்சினுக்குப் போகும் காற்று குறையும், சக்தியும் குறையும். 2019இல் தகடு போய் வேறு உறுப்பு வந்துவிட்டது; தத்துவம் அதேதான். இன்றைய கார் பெரும்பாலான களங்களில் 670 குதிரைத்திறனோடு அறிமுகமானது. இந்த இரண்டு இடங்களில் அதற்கு 510.

எல்லார் எஞ்சினும் ஒரே அளவுக்கு மூச்சுத் திணறும்போது யாரும் யாரையும் விட்டுப் பிரிந்து போக முடியாது. லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு சைக்கிள் மிதித்தவர்களுக்கு முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக்கொடுக்கும் சுகம் தெரியும். இங்கே பின்னால் வருபவரும் பதிலுக்கு உதவுகிறார். முன்காரின் வாலில் உருவாகும் இழுவையை அவர் குறைப்பதால் ஒட்டி ஓடும் இரண்டு கார்கள் தனிக்காரைவிட வேகமாகப் போகும். ஆகவே எல்லாரும் கும்பலாக, பம்பரோடு பம்பர் உரச, மூன்று வரிசையாக ஓடுகிறார்கள். பார்வையாளர் அரங்கின் கூரைமேல் நின்று வழிசொல்லும் ஸ்பாட்டர் ரேடியோவில் ‘உள்ளே ஒருத்தன், வெளியே ஒருத்தன்’ என்று சொல்லிக்கொண்டே இருப்பார். ஓட்டுநரின் பாதிக் கண் அவர்தான்.

நல்ல நாளில் இதற்கு ஈடான பந்தயம் கிடையாது. 2000ஆம் ஆண்டு அக்டோபரில் டேல் எர்ன்ஹார்ட் ஐந்து சுற்றுகள் மிச்சமிருந்தபோது 18ஆவது இடத்தில் இருந்தார். பின்னால் கென்னி வாலஸ் தள்ளித்தர, கார்களுக்கு நடுவே இல்லாத வழியைக் கண்டுபிடித்து முதலாவதாக வந்தார். டாலடேகாவில் அது அவருக்குப் பத்தாவது வெற்றி, மொத்தத்தில் 76ஆவது, கடைசி. இந்தத் தகட்டை வாய்க்கு வாய் திட்டியவரும் அவரே என்பது வேடிக்கை. ‘இதெல்லாம் வெறும் லாட்டரி’ என்பவர்கள் அந்தப் பத்தை எங்கே வைப்பார்கள்? அவர் மகனும் 2001 முதல் 2003 வரை அங்கே தொடர்ந்து நான்கு முறை ஜெயித்தார். காற்றைப் படிப்பது ஒரு வித்தை, அது சிலருக்கு வாய்க்கிறது. 2010இலும் 2011இலும் வசந்தகாலப் பந்தயத்தில் 88 முறை முன்னிலை கைமாறியது. பணபலம் இல்லாத அணிக்கு ஆண்டில் நம்பிக்கை வைக்க இருக்கும் இடங்களும் இவைதான். 2021 டேடோனா 500இல் மைக்கேல் மெக்டவல் தமது 358ஆவது முயற்சியில் முதல் வெற்றி கண்டார். கடைசிச் சுற்றில் முன்னால் இருந்த இருவர் மோதிக்கொண்டதால் கிடைத்த வெற்றிதான். ஆனால் அந்த நேரத்தில் மூன்றாவது இடத்தில் இருப்பதற்கும் ஆள் வேண்டுமே.

இனி மறுபக்கம். தகடு வேகத்தைக் குறைத்தது; ஆனால் ஆபத்தைக் குறைத்தது என்று சொல்ல முடியவில்லை. தனித்தனியாக ஓடிய கார்களை அது ஒரு கூட்டில் அடைத்தது. 2001 பிப்ரவரி 18 அன்று டேடோனாவின் கடைசிச் சுற்றில் எர்ன்ஹார்ட் சுவரில் மோதி இறந்தார். 2009இல் டாலடேகாவின் இறுதிக் கோட்டருகே கார்ல் எட்வர்ட்ஸின் கார் பறந்து வேலியில் அடித்தது. கூட்டத்தில் மறுபடியும் காயம். எட்வர்ட்ஸ் இறங்கி, மிச்சத் தூரத்தைக் கால்நடையாக ஓடிக் கோட்டைத் தொட்டார். கூட்டம் சிரித்துக் கைதட்டியது, நானும் ரசித்தேன். எதைத் தடுக்கத் தகடு வந்ததோ, 22 ஆண்டுகள் கழித்து அதே களத்தில் அதே வேலியில் அது மறுபடி நடந்திருந்தது. 2020 டேடோனா 500இல் ரயன் நியூமன் கோட்டுக்கு அருகே கவிழ்ந்து, கவிழ்ந்த நிலையில் இன்னொரு காரால் இடிபட்டபோது பலர் அவர் இல்லை என்றே நினைத்தார்கள். இரண்டு நாளில் மகள்களின் கையைப் பிடித்துக்கொண்டு மருத்துவமனையிலிருந்து நடந்து வந்தார். அந்தப் பெருமை காரின் கூண்டையும் இருக்கையையும் வடிவமைத்தவர்களுக்கு உரியது.

இத்தனைக்கும் நான் இந்தப் பந்தயத்துக்காக வாதாடுகிறவனாகவே இருந்தேன். என் வாதத்தின் ஒரே கால், முந்துதல். ஆபத்து உண்டு, ஆனால் அதற்கு விலையாக வேறெங்கும் கிடைக்காத ஓட்டம் கிடைக்கிறது என்பேன். 2022இல் வந்த புதிய காரோடு அந்தக் காலும் ஆடிப்போனது. இந்தக் காருக்குக் காற்றின் இழுவை அதிகம், திறனோ குறைவு. முன்னால் இரண்டு வரிசை ஜோடியாக ஓடினால், மூன்றாவது வரிசைக்கு வெளியே போகிறவன் பின்னுக்குத்தான் வருவான். களத்தில் முந்த முடியாதென்றால் எங்கே முந்துவது? பிட்டில். நான்கு டயரையும் சில நொடிகளில் மாற்றிவிடுகிறார்கள், நேரம் பிடிப்பது பெட்ரோல் நிரப்பத்தான். குறைவாக நிரப்புகிறவன் சீக்கிரம் வெளியே வருவான். குறைவாக நிரப்ப, முன்பே சிக்கனமாக ஓட்டியிருக்க வேண்டும். ஆக, அமெரிக்காவில் வேகத்துக்குப் பேர்போன ஸ்டாக் கார் களத்தில் 500 மைல் பந்தயத்தின் பெரும்பகுதியை நாற்பது பேர் ஆக்ஸிலரேட்டரைப் பாதி விட்டு, மூன்று வரிசையில், இடம் மாறாமல், பெட்ரோல் மிச்சம் பிடித்துக்கொண்டே சுற்றுகிறார்கள். கடைசிப் பத்துச் சுற்றில் எல்லாரும் ஒரே நேரத்தில் முழுதாக மிதிக்கிறார்கள். வழி கிடைக்காதவனுக்கு முன்காரைத் தள்ளுவது தவிர வேறு ஆயுதம் இல்லை. 28 கார்கள் மோதியது துரதிர்ஷ்டத்தால் அல்ல, இந்தக் கணக்கால்தான்.

அட்லாண்டா ஒரு விதிவிலக்கு என்பதையும் சொல்லவேண்டும். 2022இல் அந்த 1.54 மைல் களத்தின் வளைவுகளை 28 டிகிரிக்குச் செங்குத்தாக்கி, கும்பல் ஓட்டத்தை அங்கும் கொண்டுபோனபோது எரிச்சல்பட்டேன். அவசரத்துக்குக் கட்டிய கட்டைப் பண்டமாக்கி விற்கிறார்களே என்று. ஆனால் களம் குட்டை என்பதால் அங்கே டயர் தேய்கிறது, கார் வழுக்குகிறது, ஓட்டத் தெரிந்தவன் முந்துகிறான். 2024இல் டேனியல் சுவாரஸ் அங்கே 0.003 நொடியில் ஜெயித்த பந்தயத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். ஆகவே மூச்சைக் கட்டுவதை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. கையும் காலும் பேசுவதற்குக் களம் இடம் தரவேண்டும்.

எனக்கு ஆறாத கோபம் வேறொன்றின் மேல். 2024 ஆகஸ்டில் டேடோனாவில் ஹாரிசன் பர்ட்டன் ஜெயித்தார். புள்ளிப் பட்டியலில் 34ஆவது இடம். அடுத்த ஆண்டு அந்த இருக்கை அவருக்கு இல்லை என்று முடிவாகியிருந்தது. வுட் பிரதர்ஸ் அணிக்கு அது 100ஆவது வெற்றி. மனசு நிறைந்த இரவு அது, அந்தக் கோப்பையில் எனக்குப் பங்காளித் தகராறு எதுவும் இல்லை. ஆனால் அன்றைய விதிப்படி அந்த ஒரு வெற்றியே அவரை பட்டத்துக்கான 16 பேர் கொண்ட பிளே ஆஃபுக்குள் தூக்கிப்போட்டது. சீசன் முழுக்கப் புள்ளி சேர்த்து அவரைவிட எவ்வளவோ மேலே இருந்த கிறிஸ் பியூஷரும் பப்பா வாலஸும் வெளியே நின்றார்கள்.