தபரிஸ்தானின் இரு சாட்சிகள்

காஸ்பியன் கடலின் தென்கரையில், அல்புர்ஸ் மலைகளின் மடியில் அமைந்த தபரிஸ்தானின் வரலாற்றை ஆராய்வோர் முதலில் நாடுவது இப்னு இஸ்ஃபந்தியாரையே. ஹிஜ்ரி 613 (கி.பி. 1216) வாக்கில் அவர் பாரசீகத்தில் இயற்றிய ‘தாரீகே தபரிஸ்தான்’ அரிய நூல் என்பதில் நமக்கு ஐயமில்லை. இப்னுல் முகஃப்பஃ அரபியில் பெயர்த்த தன்ஸரின் மடலைக் குவாரிஸ்மில் ஒரு புத்தகக் கடையில் கண்டெடுத்துக் காத்துத் தந்தவரும் அவரே. எனினும் அவர் பாவந்து அரச குலத்தின் அன்பர். தம் மன்னர் கொலையுண்ட துயரில் எழுதியவர். குலப்பெருமை பேசும்போது அவருடைய எழுதுகோல் சற்றுத் தாராளமாகவே ஓடுகிறது.

ஹிஜ்ரி 250இல் (கி.பி. 864) மூண்ட எழுச்சியை விளங்கிக்கொள்ள நாம் இமாம் தபரீயிடமே செல்ல வேண்டும். கலீஃபா முஸ்தஈன், தாஹிரிய குலத்து முஹம்மது பின் அப்துல்லாஹ்வுக்குச் சாலூஸ், கலார் பக்கம் அரசு நிலங்களை மானியமாக வழங்கினார். அவற்றை ஒட்டி எவருக்கும் உரிமையில்லாத தரிசும் காடும் கிடந்தன. மக்கள் விறகு வெட்டியதும் கால்நடை மேய்த்ததும் அங்கேதான். மானியத்தை ஏற்க வந்த காரியஸ்தர் அதையும் சேர்த்து வளைக்க முற்பட்டார். வெகுண்ட மக்கள் தைலமியரைத் துணைக்கழைத்து, ரையிலிருந்த ஹஸன் பின் ஸைதை வரவழைத்து பைஅத் செய்தனர். ஸைதி ஆட்சி இவ்வாறே பிறந்தது.

இதனை அஹ்லுல் பைத் மீதான நேசம் ஒன்றைக்கொண்டே விளக்கும் ஆய்வுகள் நமக்கு நிறைவளிக்கவில்லை. நேசம் மெய், விறகுக்காடும் மெய். ஆமுலில் பிறந்த தபரீ அப்போது ஏறத்தாழ இருபத்தைந்து வயது இளைஞர். கலீஃபாக்களின் ஆண்டு வரலாற்றில் தம் நாட்டாரின் மேய்ச்சல் நிலத்துக்கும் அவர் இடமளித்திருக்கிறார்.