கொழுந்துக்குக் கிலோ, காணிக்குப் பேர்ச்

மெட்ரிக் அளவைமுறைக்குச் சார்பாக வழமையாக எடுத்துரைக்கப்படும் நியாயம் அதன் எளிமையாகும். 16 அவுன்சு ஓர் இறாத்தல், 112 இறாத்தல் ஓர் அந்தர், 20 அந்தர் ஒரு தொன் என்று மனனஞ் செய்த தலைமுறைக்குப் பத்தின் மடங்குகள் பெரும் ஆறுதலே. ஆயினும் இந்நியாயம் மேலோட்டமானது. பிரெஞ்சுப் புரட்சிக்கு முன்னர் அந்நாட்டு விவசாயிகள் ஒரே அளவை வேண்டுமெனக் கோரியமைக்குக் காரணம், தானியம் அளக்கும் மரக்கால் நிலப்பிரபுவின் கையில் பெருத்துக்கொண்டே போனமையாகும். 1799 இல் சட்டமான மீற்றரும் கிலோகிராமும் அம்முறைப்பாட்டுக்கும் விடையாயின.

பழைய அளவைகள் மக்களுடையவை, மெட்ரிக் அந்நியமானது என்போர் பதுளைத் தோட்டங்களை நோக்குதல் தகும். பசறையிலும் மடுல்சீமையிலும் இறாத்தல், ஏக்கர், அந்தர் யாவும் வெள்ளைத்துரையோடு வந்தவையே. தொழிலாளிக்குக் கொடுத்துச் சம்பளத்திற் கழித்த அரிசியும் அவர்களது புசலினாலேயே அளக்கப்பட்டது.

இன்று கொழுந்து கிலோவில் நிறுக்கப்படுகிறது. இறாத்தலைக் கிலோவாக்குதல் 0.4536 ஆற் பெருக்குவதே. அதில் மறைக்க ஏதுமில்லை. மறைவு வேறிடத்தில் உண்டு. ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் தராசடியிற் கழிக்கப்படும் கிலோக்கள் எந்த அளவையியல் நூலிலும் இல்லை. குறித்த நிறை எட்டாதவிடத்து முழுப்பேர் அரைப்பேராகிறது. 2021 இல் நாட்சம்பளம் 1000 ரூபா என வர்த்தமானியில் வெளியானபின் பல தோட்டங்களிற் பறிக்கவேண்டிய நிறை கூட்டப்பட்டது. கிலோ மாறவில்லை, எத்தனை கிலோ என்பதே மாறிற்று. 1995 ஆம் ஆண்டின் அளவீட்டு அலகுகள் சட்டம் தராசைச் சோதிக்க வழிசெய்கிறது. தராசடியில் நிற்பவரின் பேனாவை அது சோதிப்பதில்லை. மெட்ரிக் ஆதரவாளர் பலர் இவ்விடத்தில் மௌனிகள்.

எனினும் இக்குறை மெட்ரிக்கைக் கைவிடுவதற்கான காரணமாகாது. அது அரைவழியில் நின்றுவிட்டதென்பதே முறைப்பாடு. பாண் 450 கிராமாயினும் கடையில் இறாத்தல் பாண்தான். அதனால் எவருக்கும் கேடில்லை. காணியின் கதை வேறு. தோட்டத்தின் பரப்பு ஏடுகளில் ஹெக்டேயரில் எழுதப்படுகிறது. தொழிலாளர் குடும்பத்துக்கு வாக்களிக்கப்பட்டதோ 7 பேர்ச், பின்னர் 10 பேர்ச். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் வாய்ப்பு அலகிலேயே தடைப்படுகிறது. ஒரு பேர்ச் 25.29 சதுர மீற்றர். 7 பேர்ச் ஏறத்தாழ 177 சதுர மீற்றர். பாதைக்கும் வடிகானுக்கும் இடம் விடாது கணக்கிட்டால், ஒரேயொரு ஹெக்டேயரில் இத்தகைய 56 குடும்பங்கள் அடங்கிவிடும். நூற்றுக்கணக்கான ஹெக்டேயர் கொண்ட தோட்டத்தின் லயத்தில் வாழ்பவர் இக்கணக்கைத் தாமே போட்டுப் பார்க்க ஓர் அலகு போதும்.