பழைய பாட்டும் புதிய ஆளும்: ப்ரோக்ரஸிவ் ராக் கச்சேரிப் படங்கள்

ப்ரோக்ரஸிவ் ராக் பாட்டு பத்து நிமிடம், இருபது நிமிடம் என்று நீளும்; தாளம் ஏழு, ஒன்பது என்று கணக்கு மாறும்; ஒரு வாத்தியத்தின் பங்கு இன்னொன்றோடு பின்னிக் கிடக்கும். ஒருவர் விலகினால் அந்தப் பின்னலே கலைந்துபோகும். ஆள் மாறிய கையோடு எடுக்கப்பட்ட கச்சேரிப் படங்கள் அதனாலேயே இந்த இசையின் வரலாற்றுக்கு முக்கியமானவை. புதிய ஆல்பத்தில் புதியவருக்கென்றே அமைந்த பாட்டுகள் இருக்கும். மேடையில் அவர் வேறொருவர் உருவாக்கிய பாட்டுக்குள் நுழைந்தாக வேண்டும்.

இந்த வரிசையில் முந்தியது யெஸ் குழுவின் ‘யெஸ்சாங்ஸ்’. 1972இல் டிரம்மர் பில் புரூஃபோர்ட் ‘க்ளோஸ் டு தி எட்ஜ்’ ஆல்பத்தின் ஒலிப்பதிவை முடித்துவிட்டு கிங் க்ரிம்சனில் சேர்ந்தார். அவருக்குப் பதிலாக வந்த ஆலன் ஒயிட், அமெரிக்கச் சுற்றுப்பயணம் தொடங்குவதற்குள் எல்லாப் பாட்டுகளையும் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. கிடைத்தவை மூன்றே நாட்கள். அதே ஆண்டு டிசம்பரில் லண்டன் ரெயின்போ தியேட்டரில் படம் பிடித்தபோது அவர் தடுமாறவில்லை. புரூஃபோர்டின் கூர்மையான, தாளத்தோடு விளையாடும் அடிக்குப் பதில், ஒயிட்டிடம் கனமான நேரடி அடி வந்துவிட்டது. படம் 1975இல்தான் திரைக்கு வந்தது. அதற்குள் அதில் கீபோர்டு வாசிக்கும் ரிக் வேக்மனும் குழுவில் இல்லை. இத்தகைய படங்கள் திரைக்கு வருவதற்குள் குழு மறுபடி மாறியிருப்பது அடிக்கடி நடப்பதுதான்.

இவ்வகையில் மிகச் சிறந்த சான்று டோனி மேலம் இயக்கிய ‘ஜெனிஸிஸ்: இன் கான்சர்ட்’. முக்கால் மணி நேரப் படம். பாடகர் பீட்டர் கேப்ரியல் 1975இல் விலகினார். முகமூடி, ஒப்பனை, விசித்திர உடை, பாட்டுகளுக்கு நடுவே சொல்லும் கதைகள் என மேடை முழுக்க அவர் கைவசமே இருந்தது. மாற்றுப் பாடகரைத் தேடி அலுத்த குழு, கடைசியில் தன் டிரம்மர் ஃபில் காலின்ஸையே முன்னால் நிறுத்தியது. அவர் அதுவரை பெரும்பாலும் பின்குரல் கொடுத்தவர். ஆல்பங்களில் தனியாகப் பாடிய பாட்டுகள் ஒன்றிரண்டே. ‘எ ட்ரிக் ஆஃப் தி டெய்ல்’ ஆல்பம் 1976 பிப்ரவரியில் வெளியானது. அடுத்த மாதமே சுற்றுப்பயணம். காலியான டிரம்ஸ் இருக்கைக்கு வந்தவர் அதே புரூஃபோர்ட்.

அந்தக் கோடையில் கிளாஸ்கோ அப்பல்லோவிலும் ஸ்டாஃபோர்ட் பிங்லி ஹாலிலும் எடுத்த காட்சிகளில் காலின்ஸ் முகமூடி எதையும் தொடவில்லை. ‘ஐ நோ வாட் ஐ லைக்’ பாட்டில் டாம்பரினைத் தலையிலும் முழங்கையிலும் முழங்காலிலும் தட்டித் தட்டி ஆடுகிறார். கேப்ரியல் ஒப்பனையால் செய்த வேலையை இவர் உடம்பாலும் தாளத்தாலும் செய்துவிடுகிறார். சிறுவனாக லண்டன் நாடக மேடையில் ‘ஆலிவர்!’ இசை நாடகத்தில் நடித்தவர் என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். நீண்ட வாத்தியப் பகுதி வந்ததும் மைக்கை விட்டுத் தன் டிரம்ஸுக்கு ஓடுகிறார். ‘லாஸ் எண்டாஸ்’ உருப்படியில் இரண்டு டிரம்மர்களும் சேர்ந்து வாசிப்பதுதான் படத்தின் உச்சம். நால்வர் குழுவாகச் சுருங்கியது இழப்பு என்று எண்ணியவர்களுக்கு, முன்பு இல்லாத ஒரு பலம் அங்கே கண்ணெதிரே தெரிகிறது. ‘சப்பர்ஸ் ரெடி’யின் ஒன்பது தாளப் பகுதியில் மட்டும் கேப்ரியலின் நாடகத்தன்மை இல்லாத குறை உறைக்கிறது: குரல் தெளிவாக இருக்கிறது, ஆனால் அதில் அச்சமூட்டும் தன்மை இல்லை. படம் 1977இல் வெளியானபோது புரூஃபோர்டின் இருக்கையில் செஸ்டர் தாம்ப்சன் இருந்தார்.

பிந்தைய குழுக்கள் வேறு வழிகளை நாடின. 1984இல் கனடாவின் எட்மண்டனில் எடுத்து, ஸ்டீவன் சோடர்பெர்க் இயக்கத்தில் மறு ஆண்டு வந்த ‘9012லைவ்’ படத்தில் யெஸ் பழைய பாட்டுகளைக் கிட்டத்தட்ட ஒதுக்கிவிட்டது. மிஞ்சியவற்றில் ‘ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்’ முக்கியமானது. ஸ்டீவ் ஹவின் கிதார் கட்டிய முடிவுப் பகுதியை, அவர் இடத்தில் வந்த டிரெவர் ராபின் தன் போக்கில் வாசிக்கிறார். அவரைக் குறைசொல்ல இடமில்லை. படத்தின் மேல் ஒட்டிய பழைய ஆவணப்படத் துண்டுகள்தான் கண்ணை உறுத்துகின்றன. அவற்றை நீக்கிய வடிவம் பின்னர் டிவிடியில் வந்தது. வாசிப்பைப் பார்க்க விரும்புவோருக்கு அதுவே ஏற்றது.

ரோஜர் வாட்டர்ஸ் விலகிய பின் பிங்க் ஃபிளாய்ட் 1988இல் நியூயார்க்கின் நாஸோ கொலீசியத்தில் எடுத்த ‘டெலிகேட் சவுண்ட் ஆஃப் தண்டர்’ இன்னொரு வகை. ‘கம்ஃபர்டப்ளி நம்ப்’ பாட்டில் வாட்டர்ஸ் தனியே பாடிய வரிகளை ரிச்சர்ட் ரைட், கய் ப்ராட், ஜான் கேரின் மூவரும் சேர்ந்து பாடுகிறார்கள். யாரும் அவரைப் போல நடிக்கவில்லை. மூன்று குரல் சேரும்போது வாட்டர்ஸின் குரலில் இருந்த கசப்பு கரைந்து, டேவிட் கில்மோரின் கிதார்தான் பாட்டின் மையமாகிறது.

ட்ரீம் தியேட்டரின் டிரம்மர் மைக் போர்ட்னாய் 2010இல் விலகியபோது, ஏழு டிரம்மர்களை வாசிக்கவைத்து மைக் மாஞ்சினியைத் தேர்ந்தெடுத்ததே தனி ஆவணப்படமானது. 2012 ஆகஸ்டில் புவெனஸ் அயர்ஸில் எடுத்த ‘லைவ் அட் லூனா பார்க்’ படத்தில் அவருக்கென்று தனி ஆவர்த்தனமே உண்டு. ‘மெட்ரோபோலிஸ்’ போன்ற போர்ட்னாய் காலத்துப் பாட்டுகளை அவர் பிசகின்றி வாசிக்கிறார். ஆனால் அந்தத் துல்லியத்தில் மரியாதை தெரியும் அளவுக்கு உரிமை தெரியவில்லை. கிளாஸ்கோவில் காலின்ஸ் எடுத்துக்கொண்ட சுதந்திரம் இங்கே வாய்க்கவில்லை. 2023இல் போர்ட்னாய் திரும்பி வந்துவிட்டதால், மாஞ்சினி அந்தப் பாட்டுகளை எப்படிக் கையாண்டார் என்பதற்கு இந்தப் படம் முக்கியச் சான்றாக இருக்கிறது.