போதலேர் பெங்களூருக்கு வந்த வழி

பிரெஞ்சு தெரியாதவன் பிரெஞ்சுக் கவிதையைத் தொடக்கூடாது என்பது இப்போதைய இலக்கிய ஆசாரம். கன்னடத்தின் நவ்யக் கவிதை, அதாவது நவீனத்துவக் கவிதை, ஆங்கில வழியே வந்த இரவல் சரக்கு என்ற தீர்ப்பும் இதையொட்டியே வருகிறது. பி.எம்.ஸ்ரீயின் ‘இங்கிலீஷ் கீதெகளு’ 1926இல் கற்பனாவாதக் கவிதைக்குக் கன்னடத்தில் பாய் விரித்தது. 1954இல் நவ்யக் கவிஞர் கோபாலகிருஷ்ண அடிகாவின் ‘சண்டெமத்தளெ’ அந்தப் பாயைச் சுருட்டியது. அடிகாவுக்கு ஆசான் எலியட் என்பார்கள். அந்த எலியட்டே 1908இல், இருபது வயது ஹார்வர்டு மாணவராக, ஆர்தர் சைமன்ஸ் ஆங்கிலத்தில் எழுதிய நூலைப் படித்துத்தான் பிரெஞ்சுக் கவிஞர் லாஃபோர்கைக் கண்டடைந்தார். கைமாறி வந்ததெல்லாம் மட்டம் என்றால் எலியட்டையும் அல்லவா தள்ளிவைக்க வேண்டும்?

இந்த விவாதத்தில் வசதியாக மறக்கப்படுகிறவர் கன்னட எழுத்தாளர் பி. லங்கேஷ். 1980இல் அவர் தொடங்கிய வார இதழின் ஆரவாரம், அவருக்குள்ளிருந்த கவிதை வாசகரை மறைத்துவிட்டது. ஷிவமொக்கா பக்கத்துக் கொனகவள்ளியில் 1935இல் பிறந்து, பெங்களூரில் ஆங்கிலம் கற்பித்தவர்; 1970களில் பிரெஞ்சுக் கவிஞர் போதலேரை ஆங்கில வழியே ‘பாபத ஹூகளு’ எனக் கன்னடமாக்கினார். அதன் பிரெஞ்சு மூலம் 1857இல் வெளியாகி, ஆறு கவிதைகளுக்கு நீதிமன்றத் தடை வாங்கிய தொகுப்பு. அதில் ஒரு கவிதையில், கோடைக் காலையில் காதலியோடு நடப்பவன் வழியில் அழுகிக் கிடக்கும் விலங்கைப் பார்க்கிறான். ஈயும் புழுவும் மொய்ப்பதை நிதானமாக விவரித்துவிட்டு, நீயும் ஒருநாள் இப்படித்தான் என்கிறான். பட்டினத்தாரைப் படித்தவர்களுக்கு இந்த நாற்றம் புதிதல்ல. ஆனால் பட்டினத்தார் உடலைக் காட்டி உலகை விடச் சொல்வார். போதலேர் விடமாட்டார், அழுகிப்போன காதலின் வடிவத்தைத் தான் காத்து வைத்திருப்பதாக முடிக்கிறார். லங்கேஷின் புகழ்பெற்ற ‘அவ்வ’ கவிதையிலும் தாய் புராணப் பத்தினி வரிசையில் நிற்பதில்லை. மண்ணில் உழைத்து ஓய்ந்த கிராமத்துப் பெண்ணாகவே இருக்கிறாள். இதைப் போதலேர் கற்றுக்கொடுத்தார் என்று நான் வாதிடவில்லை. அழுக்கையும் அன்பையும் சேர்த்தே பார்க்கும் கண் லங்கேஷுக்கு இருந்தது. அந்தக் கண்ணுக்குத்தான் போதலேர் அகப்பட்டார்.

ஆங்கில வழியே வந்தால் ஓசை போய்விடுமே என்பார்கள். போகும்தான். மல்லார்மேயைப் போல ஓசையிலேயே பொருளை ஒளித்தவர்களுக்கு இந்த வழி ஏறத்தாழ அடைபட்டதே. போதலேரிடம் ஓசைக்கு அப்பாலும் சரக்கு உண்டு: நகரத் தெரு, கிழவிகள், குருடர்கள், குப்பை பொறுக்குவோர். கிராமத்திலிருந்து பெங்களூருக்கு வந்த ஒருவருக்கு இவர்களை அடையாளம் காண அகராதி வேண்டியதில்லை. நேரடி மொழிபெயர்ப்பு வேண்டாம் என்பதும் இல்லை; பிரெஞ்சிலிருந்தே காம்யுவையும் பிரெவெரையும் தந்த வெ. ஸ்ரீராமின் உழைப்பு தமிழுக்குப் பெரும் பேறு. அதற்காக, ஐரோப்பியக் கதைகளை ஆங்கில வழி கொண்டுவந்த புதுமைப்பித்தனை நாம் ஒதுக்கிவிட்டோமா? அவென்யூ சாலைப் பழைய புத்தகக் கடையில் ரேம்போவின் ஆங்கிலப் பதிப்பு கிடைத்தால் இளங்கவிஞர் தயங்காமல் வாங்கட்டும். பிரெஞ்சை அப்புறம் கற்கலாம். படிக்கும் பசியைத் தள்ளிப்போட முடியாது.