பார்க்கப்படுதலும் அறியப்படுதலும்

காதலைச் சொல்லும் நாவல்கள் ஏராளம். காதலிப்போர்மீது சமூகம் செலுத்தும் பார்வையையும் சேர்த்துச் சொல்பவை சிலவே. கானா வம்சாவளியில் வந்த பிரிட்டிஷ் எழுத்தாளர் கேலப் அஸுமா நெல்சனின் ‘ஓப்பன் வாட்டர்’ (2021) அத்தகையது. கோஸ்டா முதல் நாவல் பரிசைப் பெற்ற நூல் இது.

தென்கிழக்கு லண்டனில் வாழும் கறுப்பின ஒளிப்படக் கலைஞன் ஒருவனும் நடனமாடும் பெண்ணொருத்தியும் நட்பிலிருந்து காதலுக்கு நகர்கின்றனர். இருவருக்கும் பெயர் இல்லை. அவனை ‘நீ’ என்று விளித்தே கதை செல்கிறது. காவலர் வழிமறித்துச் சோதிக்கையில் அவன் வெறுமனே பார்க்கப்படுகிறான், அவளருகில்தான் அறியப்படுகிறான். இவ்வேறுபாடே நாவலின் அச்சு. ஸேடி ஸ்மித்தின் எழுத்திலும் பேரி ஜென்கின்ஸின் திரைப்படத்திலும் கறுப்பின இசையிலும் அவன் தன்னைக் கண்டுகொள்கிறான். கலை இங்கே அலங்காரமன்று, புகலிடம். எனினும் அச்சம் அவனை மௌனத்துள் தள்ள, அம்மௌனமே காதலை முறிக்கிறது.

குறைகளும் உண்டு. படைப்புகளின் பெயர்கள் சில பக்கங்களில் வெறும் பட்டியலாகின்றன. மீண்டும் மீண்டும் வரும் தொடர்கள் சிலபோது இசையாகவும் சிலபோது சோர்வாகவும் ஒலிக்கின்றன. அவளது அகம் நமக்கு முழுமையாகத் திறக்கப்படவில்லை.

விருத்தாசலத்தில் அமர்ந்து இதனைப் படிக்கையில் நம் நினைவு வேறிடம் செல்கிறது. 2003இல் அருகிலுள்ள புதுக்கூரைப்பேட்டையில், சாதி கடந்து மணந்த இளம் இணையர் நஞ்சூட்டிக் கொல்லப்பட்டனர். கடலூர் நீதிமன்றம் 2021இல்தான் 13 பேரைத் தண்டித்தது. அவர்களுள் காவல்துறையினரும் இருந்தனர். குற்றவாளிகளின் மேல்முறையீடுகளை உச்ச நீதிமன்றம் 2025இல் தள்ளுபடி செய்தது.

இப்பகுதியின் எழுத்தாளர் இமையம் 2012இல் எழுதிய ‘பெத்தவன்’ இத்தகைய கொடுமையையே பேசுகிறது. தலித் இளைஞனைக் காதலித்த மகளைக் கொல்லுமாறு ஊர் பணிக்கிறது. தந்தை பழனி அவளைத் தப்பவைத்துவிட்டுத் தான் நஞ்சருந்துகிறார். ஒப்பனையற்ற வட்டார மொழியில் அமைந்த இக்கதையின் வலிமை ஐயத்திற்கு இடமற்றது. ஆயினும் அதில் நாம் அறிவது தந்தையின் துயரையே. காதலர்தம் மகிழ்வை அன்று.

நெல்சனிடம் நாம் பெறத்தக்கது இதுவே: ஒடுக்கப்பட்டோர் கொல்லப்பட்ட விதத்தை மட்டுமன்றி, அவர்கள் சிரித்ததையும் ஆடியதையும் ஒருவரையொருவர் நோக்கியதையும் எழுதுவதும் சாட்சியமாகும். மரணத்தை மட்டும் பதியும் இலக்கியம், கொல்லப்பட்டோரை மீண்டும் ‘பார்க்க’ வைக்கிறது. அவர்களை நாம் அறிய வேண்டுமெனில், அவர்தம் காதலும் எழுதப்பட வேண்டும்.