ஒரு கொக்குக்கு இரண்டு டாலர்

2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் வடகிழக்குக் கரையைச் சுனாமி வாரிக்கொண்டு போனது. அடுத்த சில நாட்களிலேயே அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓர் அழைப்பு வந்தது: காகிதக் கொக்கு மடித்து அனுப்புங்கள், ஒரு கொக்குக்கு 2 டாலர் வீதம் ஜப்பானுக்குத் தருகிறோம். அழைத்தது 'ஸ்டூடன்ட்ஸ் ரீபில்ட்' என்ற திட்டம். பணம் பெசோஸ் குடும்ப அறக்கட்டளையுடையது. இலக்கு 1 லட்சம் கொக்கு, அதாவது 2 லட்சம் டாலர். வகுப்பறைகளிலும் நூலகங்களிலும் மடிப்புப் பட்டறைகள் நடந்தன. வந்து குவிந்தவை 20 லட்சத்துக்கும் மேல்.

பெருக்கல் தெரிந்த பிள்ளை 40 லட்சம் டாலர் என்று விடை சொல்லும். போனது 5 லட்சம். அறக்கட்டளை தன் பங்கை 4 லட்சமாக உயர்த்தியது. பெயர் வெளியிடாத ஒருவர் 1 லட்சம் சேர்த்தார். வகுத்துப் பார்த்தால் ஒரு கொக்குக்கு 25 சென்ட் தேறுகிறது. இதில் மோசடி எதுவும் இல்லை. உச்சவரம்பு இருப்பதை மறைக்கவும் இல்லை. ஆனாலும் இந்த வகைப் பட்டறைகளின் மர்மம் முழுவதும் அந்த வகுத்தலில்தான் இருக்கிறது. கொக்குகளை யாரும் விலைக்கு வாங்கவில்லை. பணம் முதல் நாளிலிருந்தே ஓரிடத்தில் தயாராக இருந்தது. பிள்ளைகளின் விரல்கள் அதைச் சம்பாதிக்கவில்லை, அவிழ்த்துவிட மட்டுமே செய்தன. முதல் ஒரு லட்சத்துக்குப் பின் வந்த கொக்குகள் அதையும் செய்யவில்லை. கொடையாளர் மனம் இரங்குவதற்காகக் காத்திருந்தன.

இதற்கு ஒரு மறுமொழி உண்டு, அதை எளிதில் தள்ளிவிட முடியாது. காசோலை சத்தமில்லாமல் போயிருந்தால் எந்தப் பிள்ளையும் ஜப்பானை நினைத்திருக்காது. மடித்த நேரம் முழுவதும் ஒரு தொலைதூரத் துயரத்தோடு பிள்ளை உட்கார்ந்திருந்தது, அப்படி உட்கார்ந்ததே பணத்தைவிடப் பெரிது என்பார்கள். சரி, ஒப்புக்கொள்வோம். அப்படியானால் இதைக் கல்வி என்ற தராசில்தான் நிறுக்க வேண்டும். அந்தத் தராசிலும் தட்டு பெரிதாக இறங்கவில்லை.

கொக்கு மடிக்கும் பிள்ளைகளுக்கு எங்கும் சொல்லப்படுவது சடாகோ சசாகியின் கதை. ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது அவளுக்கு 2 வயது. 1955இல் இரத்தப் புற்றுநோயோடு மருத்துவமனையில் சேர்ந்தாள். ஆயிரம் கொக்கு மடித்தால் வேண்டுதல் பலிக்கும் என்று நம்பி, மருந்துப் பொட்டல உறைகளைக்கூட விடாமல் மடித்தாள். அந்த ஆண்டு அக்டோபர் 25இல், 12 வயதில் இறந்தாள். எலினோர் கோயர் 1977இல் வெளியிட்ட சிறுவர் நூலில் அவள் 644 கொக்குகளோடு இறந்துபோகிறாள். மீதியை நண்பர்கள் மடிக்கிறார்கள். உலகம் முழுக்கப் பரவியது இந்த வடிவம்தான். ஆனால் அவள் ஆயிரத்தைத் தாண்டிவிட்டாள் என்பதே குடும்பத்தாரும் ஹிரோஷிமா அமைதி அருங்காட்சியகமும் சொல்வது.

எண்ணிக்கையில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. 644இல் நின்ற கதை, குறையை நீ நிரப்பு என்று பிள்ளையைக் கூப்பிடுகிறது. நிதி திரட்டும் திட்டத்துக்கு அளவெடுத்துத் தைத்த கதை அது. ஆயிரத்தைத் தாண்டியும் செத்துப்போன பெண்ணின் கதை கொக்கு நோயைத் தீர்க்காது என்கிறது. அதைக் கேட்ட பிள்ளை வேறு கேள்விகள் கேட்கும்.

அந்தப் பிள்ளையிடம் சொல்ல வேண்டிய மீதிக் கதையும் நிதி திரட்டியதைப் பற்றியதுதான். சடாகோவின் வகுப்புத் தோழர்கள் அவளுக்கும் குண்டில் இறந்த மற்றப் பிள்ளைகளுக்கும் ஒரு நினைவுச் சின்னம் வேண்டும் என்று கிளம்பினார்கள். ஜப்பானில் 3,000க்கு மேற்பட்ட பள்ளிகளிலிருந்தும் ஒன்பது வெளிநாடுகளிலிருந்தும் பணம் வந்தது. 1958 மே 5இல் சின்னம் திறக்கப்பட்டது. முன்னின்று பணம் கேட்டவர்கள் பிள்ளைகள். 2011இல் நோக்கம், தொகை, வரம்பு எல்லாவற்றையும் பெரியவர்கள் தீர்மானித்துவிட்டு மடிப்பை மட்டும் பிள்ளைகளுக்கு விட்டார்கள்.

கைவினை என்று பார்த்தாலும் கைக்குக் கிடைத்தது கொஞ்சம்தான். ஒரே தாளைக் கீறி, ஒட்டிப் பிறந்தவைபோல் பல கொக்குகளை மடிக்கும் முறைகளுக்கென்றே ஜப்பானில் 1797இல் ஒரு நூல் அச்சானது. அந்தக் கடலிலிருந்து இந்தப் பட்டறைகள் எடுத்துக்கொண்டது ஒரு கொக்கு. இலக்கு எண்ணிக்கையாக இருக்கும்போது, ஒருமுறை தவறி மடித்ததைப் பிரித்துப் பார்க்கும் பொறுமைக்கு இடமில்லாமல் போகிறது. அலகு நேராக இல்லாவிட்டாலும் கணக்கில் அது ஒன்றுதான்.

ஒரு விஷயத்தில் இந்தத் திட்டத்தைப் பாராட்ட வேண்டும். கொக்குகளைப் பேரிடர்ப் பகுதியின் தலையில் கொண்டுபோய்க் கொட்டவில்லை. ஹிரோஷிமாவுக்கு ஆண்டுதோறும் வரும் காகிதக் கொக்குகளின் எடை சுமார் 10 டன். அவற்றை மறுசுழற்சிக்கு அனுப்புகிறார்கள். பேரிடர்ப் பகுதிகளுக்கு ஆயிரங்கொக்குச் சரங்களை அனுப்புவது பற்றி ஜப்பானியரே 'அரிகத்த மெய்வகு' என்கிறார்கள். நன்றி சொல்லியாக வேண்டிய தொல்லை என்று பொருள். வேண்டாத சீர்வரிசையை வாங்கிக்கொண்டு சிரித்த அனுபவம் உள்ள நமக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. 2011இல் வந்த கொக்குகளின் வழி வேறு. விக் முனிஸ் என்ற பிரேசில் கலைஞர் அவற்றை வைத்து ஒரு படைப்பு செய்தார். பணம் 'ஆர்க்கிடெக்சர் ஃபார் ஹ்யுமானிட்டி' வழியாக மறுகட்டுமானத்துக்குப் போனது.

அதற்கு ஆறு ஆண்டு முன்பு நம் கரையில் நடந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பின், ஆரோவில்லில் உமா பிரஜாபதியின் 'உபாசனா' வடிவமைப்பகம், தன்னிடம் மிஞ்சிய துணித்துண்டுகளில் விரலளவுப் பொம்மை செய்ய மீனவப் பெண்களுக்குக் கற்றுத் தந்தது. பெயர் 'சுனாமிகா'. பொம்மைக்கு விலை கிடையாது. வாங்குபவர் விரும்பியதைத் தரலாம். செய்த பெண்களுக்கு வருமானம் வந்தது. பழம்பெருமை எதுவும் இல்லாத, நேற்று முளைத்த பொம்மைதான். ஆனால் செய்த கைக்கும் வந்த காசுக்கும் நடுவே திரை இல்லை. பண்பாடு என்ற முத்திரை கொக்குக்கு இருந்தது, நேர்வழி பொம்மைக்கு இருந்தது.

ஆக, 2011 திட்டம் நல்ல கொடை, நடுத்தரமான பாடம், பலவீனமான கைவினைப் பட்டறை. பிள்ளைகள் பணம் ஈட்டினார்கள் என்று சொல்லப்படும் பகுதி மட்டும் உண்மையில் தேறாது. நம் ஊர் விடுமுறைப் பட்டறைகளிலும், ஓலைக் கிளியோ களிமண் அகலோ செய்ய வைத்து, கடைசியில் பெற்றோரையே வாங்க வைக்கும் வழக்கம் இருக்கிறது. அதையும் இதே தராசில் வைக்கலாம். அடுத்த முறை அப்படியொரு சுற்றறிக்கை வீட்டுக்கு வந்தால், ஒரு பொருளுக்கு எவ்வளவு, யார் தருகிறார், எந்த எண்ணிக்கையோடு நிறுத்துகிறார் என்று கேளுங்கள். கிடைக்கும் பதிலைப் பிள்ளையிடமும் சொல்லிவிட்டு மடிக்க உட்காருங்கள்.